பிடிக்காத ஆல்பம்

இசை ஆல்பங்களைப் பற்றி மட்டுமே பேசும் அந்த வாட்ஸ்அப் குழுவில் ஜெசிந்தாவும் திருமாறனும் நேரில் பார்க்காமலேயே நாலு வருஷமாகச் சண்டை போட்டார்கள். அவர் தலையில் தூக்கிவைத்து ஆடும் புல்லாங்குழல் ஆல்பத்தை அவள் 'சர்க்கரைப் பாகு' என்பாள். அன்று காலை அவர் எழுதினார்: "ஒரு காது ஏற்கெனவே போச்சு. நாளைக்கு இன்னொண்ணுல ஆபரேஷன். அப்புறம் கேட்குமான்னு டாக்டருக்கே தெரியலை. இன்னைக்கு அந்த ஆல்பத்தைத்தான் கேட்கப் போறேன். கூடக் கேட்கிறவங்க கேளுங்க."

குழுவே கேட்டது. "தெய்வீகம் சார்", "இத்தனை நாள் புரியாமப் போச்சே சார்" என்று ஒருவர் விடாமல் எழுதினார்கள்.

ஜெசிந்தாவும் அலுவலக மொட்டை மாடியில் நடந்துகொண்டே கேட்டாள். மூன்றாவது டிராக்கை மட்டும் நாலு தடவை. இன்றைக்காவது பிடித்துத் தொலையக்கூடாதா என்றிருந்தது. பிடிக்கவில்லை. 'அருமை சார்' என்று அடித்தாள், அழித்தாள். இன்னொரு சுற்று நடந்துவிட்டு மறுபடியும் அடித்தாள், அழித்தாள்.

திருமாறனே அவளுக்குத் தனியாக எழுதிக் கேட்டார்: "நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"மன்னிச்சுக்கங்க சார். இப்பவும் பிடிக்கலை. மூணாவது டிராக் ஒரே இழுவை."

அனுப்பிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"அப்பாடா" என்று பதில் வந்தது. "காலையிலேருந்து எல்லாரும் செத்தவனுக்கு எழுதுற மாதிரியே எழுதுறாங்க. எங்கே இழுவை? எத்தனையாவது நிமிஷம்? சொல்லுங்க பார்ப்போம்."

ஜெசிந்தா வெயிலிலேயே உட்கார்ந்து, டிராக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள்.