டாக்டர் கபிலன் சொன்னது

சிராஜ் வந்து சேர்வதற்குள் சாயிரா மாமியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

மதுரை சிம்மக்கல்லில் மாமியின் வீடு இருந்த சந்துக்குள் கார் நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். சந்தின் இரண்டு பக்கமும் வாடகை நாற்காலிகள். பாதிக்கு மேல் காலி.

"டாக்டர் வந்திருக்காரு" என்று மாடியிலிருந்து ஒரு பெண் யாரிடமோ கிசுகிசுத்தாள். வேறு நாளாக இருந்தால் நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருப்பான்.

அவன் டாக்டர் இல்லை. நடிகன்.

டிவியில் ஓடிய ஆஸ்பத்திரி சீரியலின் முதல் சீசனில் டாக்டர் கபிலனாக வந்தவன். இதய ஆபரேஷன் செய்கிற டாக்டர். ஆபரேஷன் என்றதும் நடுங்கிப்போகிற நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்பான். அந்த ஒரு சொல்லுக்கே அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்கள். பிழைத்தும் விடுவார்கள்.

அந்தச் சீசனை ஒருநாள் விடாமல் பார்த்தவர் எதிர்வீட்டு சாயிரா மாமி. சிராஜ் நடை பழகியதே அவர் வீட்டுக்குள்தான். டிவியில் அவன் கண் கலங்கினால், அங்கே சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு மாமியும் அழுவார் என்று அவன் அம்மா போனில் சொல்லிச் சிரிப்பாள்.

காலையில் மாமியின் மகன் முகமது ஆசிப் போன் செய்தபோது, சிராஜ் சென்னையில் இரண்டாம் சீசன் படப்பிடிப்பில் இருந்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

"ஆபரேஷனே வேணாம்னு இருந்துட்டாங்கண்ணே" என்றான் ஆசிப்.

வழியெல்லாம் சிராஜுக்கு, பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்த நாள்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அன்று அவன் வீடு நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு டயலாக் பேசச் சொல்லி அவனை விடவில்லை. அந்த நேரத்தில்தான் மாமி வந்தார். எதிர்வீட்டிலிருந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தார்.

"சிராஜு, எனக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சாம்ப்பா. மாத்தணுங்கிறாங்க. பண்ணிக்கிறவா?"

"டாக்டர் கபிலன் பதில் சொல்லணும்!" என்று யாரோ கத்தினார்கள். வீடே கைதட்டியது.

சிராஜ் முகத்தை இறுக்கிக்கொண்டான். மாமியின் மணிக்கட்டைப் பிடித்தான். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்."

விசில் பறந்தது. அது அவனுக்குப் போதவில்லை.

"கத்தியே வேணாம். தினம் ஒரு தட்டு உங்க நெய்ச்சோறு. வால்வு தானா வேலை செய்யும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. மாமியும் சிரித்தார். சிரித்தபடியே அவன் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் செல்ஃபிக்கு இழுத்தார்கள், அவன் திரும்பிக்கொண்டான். எடுத்து முடித்துவிட்டுப் பார்த்தபோது மாமி போயிருந்தார்.

விளையாட்டாகச் சொன்னதை மாமி நிஜமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். சென்னையிலிருந்து மதுரை வரை இதையே அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

மாமியின் கணவர் சிஹாபுதீன் மாமு வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பழ மண்டியில் நாளெல்லாம் கத்திக் கத்தி ஏலம் விடுகிற மனிதர். இன்று தொண்டையில் காற்றுதான் வந்தது.

"வந்துட்டியாப்பா" என்று அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததுமே சிராஜ் கேட்டுவிட்டான்.

"மாமு, அன்னைக்கு நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நான் நெச டாக்டர் இல்லன்னு மாமிக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? உன்ன அரைஞாண் கயித்தோட பாத்தவ. சீரியல்ல ரத்தம் வந்தா, அது சாயம், நீங்க ஏன் மூஞ்சியத் திருப்புறீகன்னு என்னைய ஏசுவா."

சிராஜுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்குகிற மாதிரி இருந்தது.

மாமு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவனைக் குற்றம் சொல்கிற எண்ணம் அவருக்கு இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"நாங்க அம்புட்டு பேரும் சொல்லிப் பாத்தோம்ப்பா. ஆசிப்பு அழுதான். அசையல. நீங்களே பயந்துகிட்டுச் சொல்றீங்க, எனக்கு எப்புடி தைரியம் வரும்னா. கடைசியில அவளே சொன்னா, பெருநாளுக்கு சிராஜு வர்றான்ல, பண்ணிக்கங்க மாமின்னு அவன் வாயால ஒரு தடவ சொல்லிட்டாப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன்னு."

மாமு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுநாள் ஆஸ்பத்திரியில சேர்றதுக்குத் துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சுட்டுத்தான் அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தா."