உள்ளே என்ன கேட்பார்கள்?

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள், மனைவியின் கன்னத்து வீக்கத்தின் மேல் அவசர அவசரமாகப் பவுடரை அப்பினான் அவன்.

“மூஞ்சியைத் திருப்பு. உங்கண்ணன் தொல்லை தாங்காமத்தான் உன்னைக் கவுன்சலிங்குக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். முதல் நாள் தூக்கம், சாப்பாடுன்னு மெதுவாத்தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ஒண்ணும் கேக்காம உன்னையே பார்ப்பாங்க. அந்த அமைதியிலதான் எல்லாரும் உளறிக் கொட்டுவாங்க. நீ தண்ணியைக் குடிச்சிட்டுப் பேசாம உட்காரு. புரியுதா?”

“புரியுதுங்க.”

அவன் வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்ள, அவள் மட்டும் உள்ளே போனாள்.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. தூக்கம், சாப்பாடு, பிறகு அமைதி.

“இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. தைரியமாச் சொல்லுங்க” என்றாள் கவுன்சலர், கனிவாக.

மனைவி தன் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே தள்ளி வைத்தாள்.

“என் புருஷன் தினமும் என்னை அடிக்கிறார். எப்படியாவது என்னைக் காப்பாத்துங்க மேடம்!”

கவுன்சலர் பெருமூச்சோடு பேனாவை மூடினாள்.

“இப்படித்தான் பழி போடுவீங்கன்னு சார் காலையிலேயே போன் பண்ணிச் சொன்னார். பாவம், அழுதேவிட்டார். எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்கொடுத்த கவுன்சலரே உங்க வீட்டுக்காரர்தானே!”