சிங்கத்துக்கு என்ன குறை?

"சிரிச்ச ஏழு பேரையும் வேன்ல ஏத்திட்டாங்களாம். அடுத்தது நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க" என்றாள் மனைவி, கதவைச் சாத்திக்கொண்டே.

பெயிண்டர் அப்போதுதான் தூங்கி எழுந்து, தரையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குச் சிரிச்சாங்களாம்?"

"ஆமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது பாருங்க!"

அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் குடியிருப்பவன் காதால் பிழைப்பவன். கேட்டதை அப்படியே கொண்டுபோய் ஒப்பித்துவிடுவான்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில், மூன்று மாடி உயரத்துக்குச் சிங்கம் நின்றது. தலைவரின் சின்னம். பதினோரு நாள் சாரத்தில் ஏறி, துணி மறைப்புக்குள், சுவரில் மூக்கு முட்ட நின்று அவன் வரைந்தது. இன்று காலைதான் துணியை அவிழ்த்தார்கள். ஊரே அண்ணாந்து நின்றபோது இவன் இங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பிடரி சரி. வால் சரி. நகம்கூடச் சரி. முகம்தான் ஆடு. கண்மணி படுக்கைவாட்டில் ஒரு கோடு. எதையோ அசைபோடும் வாய். தாடைக்கு அடியில் ஒரு கொத்து முடி. சந்தேகமே இல்லாத வெள்ளாடு. அவளுக்கே முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவரின் சிங்கத்தை வேறொரு விலங்கோடு ஒப்பிட்டுப் பேசினாலோ எழுதினாலோ ஐந்து வருஷம். வரைந்தவனுக்கு எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. போனவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை.

ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வாய் திறக்காத மனுஷன். இவருக்குள்ளா இவ்வளவு நெஞ்சழுத்தம்?

கதவு தட்டப்பட்டது. தட்டியவர் காத்திருக்கவில்லை. கையில் ஃபைலோடு அதிகாரி உள்ளே வந்தார்.

"இதை வரைஞ்சது நீதானா?"

"ஆமா சார். உக்காருங்க."

அவள் நாற்காலியில் கிடந்த சட்டைக் காலர்களை அவசரமாக அள்ளினாள். அன்றைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டியவை. பாதி கீழே சிதறியது.

"ஜனங்க சிரிக்கிறாங்க" என்றார் அதிகாரி.

"நல்லதுதானே சார். தலைவரை நினைச்சாலே சந்தோஷம் வரணும்னு நீங்கதானே சொல்றீங்க."

அடப்பாவி மனுஷா, என்று அவள் உள்ளுக்குள் அலறினாள்.

"என்ன, நக்கலா?"

"ஐயோ, இல்ல சார். என்ன குறைன்னு சொல்லுங்க. இப்பவே ஏறி மாத்திடறேன்."

அதிகாரி வாயைத் திறந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"முகம்..."

"முகத்துல என்ன சார்?"

"ஏதோ ஒரு..."

"எது மாதிரி இருக்கு சார்? சொன்னாத்தானே திருத்த முடியும்."

"எது மாதிரியும் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே!" தடுப்பைப் பார்த்துக் கத்தினார் அதிகாரி. "நல்லாக் கேட்டுக்குங்க, நான் அப்படி ஒண்ணுமே சொல்லலை!"

கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கினார். "இதுக்கு முன்னாடி என்னய்யா வரைஞ்சுட்டிருந்தே?"

"கறிக்கடை போர்டு சார். பதினெட்டு வருஷம்."

அவள் காலர்களை அணைத்தபடி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது கதை. இந்த மனுஷன் சாகத் துணிந்துவிட்டான்.

அதிகாரி ஃபைலைப் பிரித்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'ஏற்கப்பட்டது'. மற்றது, 'நிராகரிக்கப்பட்டது. காரணம் எழுதுக'. பேனா இரண்டாவது கட்டத்தின் மேல் ரொம்ப நேரம் தொங்கியது. காரணத்தை எழுதினால் அந்த ஐந்து வருஷம் எழுதியவருக்கு.

முதல் கட்டத்தில் டிக் அடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் 'மிகச் சிறப்பு' என்றும் எழுதினார்.

"சிறப்புன்னு எழுதிட்டா எல்லா வார்டுக்கும் இதே படம்தான், அதான் விதி. இன்னும் நாப்பது சுவர் இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சிடு."

"இதே மாதிரியேவா சார்?"

"அச்சு அசலா! ஒரு முடி மாறக் கூடாது. மாறினா, ஏன் மாத்தினேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் அசையவில்லை. பிறகு எழுந்து தையல் மிஷினில் உட்கார்ந்து, துணி இல்லாமலே மிதித்தாள். கடகடவென்ற சத்தத்துக்கு நடுவில் அவன் காதை இழுத்து வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தலைவரோட சிங்கத்துக்கு ஆட்டு மூஞ்சி வைக்க இந்த ஊர்ல வேற எவனுக்குங்க தைரியம் வரும்?"

"ஆட்டு மூஞ்சியா?"

பெயிண்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அப்படியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான்.

"ஐயையோ, ஆமாடி... நான் சிங்கம்னு நெனச்சுல்ல வரைஞ்சேன்!"