தொள்ளாயிரத்து நாற்பத்தேழு

வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய மாணவர்கள் எல்லோரும் மதியச் சாப்பாடு முடிந்து தங்கள் பழைய கல்லூரி விடுதியைப் பார்க்கப் போனார்கள். வராண்டாவில் கால் வைத்ததும் சீனியர் தனசிங் சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துப் பூபதியிடம் நீட்டினார். அவர் மனைவி போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். டல்லாஸ் வீட்டிலேயே இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“டேய் பூபதி, ஃபர்ஸ்ட் இயர்ல இந்த வராண்டாவ உன்னைத் தீக்குச்சியால அளக்க வச்சோமே! மொத்தம் எத்தனை குச்சிடா?”

“தொள்ளாயிரத்து நாப்பத்தேழு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தார்கள். மூன்று முறை எண்ணிக்கை தப்பியது. மூன்று முறையும் முதலிலிருந்து தவழவிட்டார்கள். முட்டித்தோல் உரிந்து கைலியில் ஒட்டிக்கொண்டது. முப்பது வருட மெல்பர்ன் வாழ்க்கையிலும் அந்த எண் மட்டும் அவனுக்கு மறக்கவில்லை.

பூபதி தீக்குச்சியை வாங்கித் தனசிங்கின் உள்ளங்கையிலேயே திருப்பி அழுத்தினான்.

“எனக்கே இப்ப சந்தேகமா இருக்குண்ணே. நீங்க ஒருதடவை அளந்து காட்டிடுங்க.”

“டேய், விளையாடாத. எனக்கு முட்டிவலிடா.”

சிரிப்பு நின்றுவிட்டது. போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பூபதி வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“குனிங்கண்ணே,” என்றான். “நான் எண்ணுறேன். ஒண்ணு.”