நெடுங்கோப்பூண்டு

செடிகொடிகளை ஆராய்ந்த புலவர்களுக்குச் சோறும் தோட்டமும் கொடுத்தவன் அரசன் நெடுங்கோ. நன்றிக்கடனாக அவர்கள் ஒரு நீலப்பூச் செடிக்கு அவன் பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து அதைப் பிடுங்குவது ராஜத்துரோகம். கண்டால் குனிந்து வணங்க வேண்டும். செடி வரகுக் கொல்லைகளில் புகுந்து வரகை அமுக்கிவிட்டது. வெண்ணி என்பவள் மட்டும் தன் கொல்லையில் ஒவ்வொரு செடியின் முன்னும் பயபக்தியோடு குனிந்தாள். நிமிரும்போது அது வேரோடு அவள் கையில் இருந்தது. தன் செடி எப்படித் தழைக்கிறது என்று பார்க்க வந்த அரசன், வரப்பில் நின்று அதைக் கண்டான். காவலன் வாளை உருவினான்.

"என் பேரையா பிடுங்குற?" என்றான் அரசன்.

"களையத்தான் பிடுங்குறேன் சாமி. உங்க பேர வச்சுட்டா அது வரகாயிடுமா? எம்புள்ளைங்க எதத் தின்னும்?"

அரசன் கொல்லையில் இறங்கி ஒரு நீலப்பூச் செடியின் முன் குனிந்தான். அரசன் குனிந்தால் எல்லோரும் குனிய வேண்டும் என்பது முறை; உருவிய வாளோடு காவலனும் குனிந்தான். அரசன் இழுத்ததும் தண்டு மட்டும் அறுந்து வந்தது.

வெண்ணி அதை வாங்கிப் பார்த்தாள்.

"வேரு உள்ளயே கெடக்கு சாமி. இன்னும் நல்லாக் குனியுங்க."