வீட்டு ஆட்கள் மட்டும்

எங்கிருந்தோ கசிந்து வாட்ஸப் குரூப்பில் சுற்றிய பட்டியலில் தன் வீடும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஜான் பீட்டர் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கினார். தேனிப் பக்கத்துக் குடும்பங்களின் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. வக்கீலாக இருக்கும் மைத்துனன் அருண் ஜோசப்பிடம் போனில் சொன்னதும் அவன் பதறிவிட்டான்.

"மச்சான், அடுத்தவுக விவரத்த வச்சிருந்தாலே கேஸு. சும்மா பாக்கத்தான் எடுத்தேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒங்க வீட்டு ஆளுகளோடத மட்டும் வச்சுக்கிட்டு, மத்ததப் பூராம் இப்பவே அழிங்க."

பழனிசெட்டிபட்டியில் அவர் வீட்டில் மொத்தம் மூன்று பேர். அவர், மனைவி சகாயராணி, மகள் அனிதா. மற்ற வரிகளை எல்லாம் அழித்து முடித்தபோது அந்த முகவரியில் நான்கு வரிகள் மிஞ்சின. நாலாவது வரியில் ஞானசௌந்தரி, பெண், வயது ஐம்பத்தொன்று என்று இருந்தது. உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

யாரோ ஒருத்தியின் விவரத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைய முடியாது. அழிக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

"ராணி, ஞானசௌந்தரின்னு யாரையாச்சும் தெரியுமா?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"அத அழிச்சிராதீக," என்றாள் சகாயராணி, தாழ்ந்த குரலில். "ரேஷன் கார்டுல அவுக பேர விட்டதுக்கே மூணு நாளு சாப்பிடாமக் கெடந்தாக."

ஜான் பீட்டர் சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு தட்டுகள் இருந்தன. அவர்கள் மூவரின் தட்டுகளில் இன்னும் சோறு போடவில்லை. அவர் நாற்காலிக்கு அடுத்திருந்த தட்டில் மட்டும், பிசைந்த சோற்றில் பாதி மிச்சமிருந்தது.