இன்னொரு சுற்று

பயிற்சி விமானத்துக்குக் குண்டு மாட்டிப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் சுற்றிலேயே எந்த மாணவியையும் தரையிறங்க விடாத அதன் ஆசிரியக் குரலை அழிக்கச் சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் காசிலிங்கம் மறந்துபோனார்.

கடலில் எதிரிப் படகு என்று திரை காட்டியதும், விமானி ஸ்டெல்லா குண்டு போடும் பொத்தானில் விரல் வைத்தாள்.

"அவசரப்படாதம்மா. இன்னொரு சுத்து வா," என்றது குரல்.

அதனிடம் பறக்கப் படித்த அவள் கை தானாகவே விமானத்தைத் திருப்பியது. தாழப் பறந்து பார்த்தால், படகில் நான்கு பேர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தரையிறங்கியதும் காசிலிங்கம் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம், அந்தக் குரலை அழிக்க மறந்துட்டேன். இப்பவே அழிச்சிடறேன்."

ஸ்டெல்லா அவர் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை மறந்துடுங்கண்ணே."